கறுப்பு வயரும் வெள்ளை வயரும்

பைன் பிளஃப் ஊரில் இருந்தவரைக்கும் டோரெத்தா டால்பர்ட்டுக்கு ஆம்புலன்ஸ் போன் எடுக்கிற வேலை. அழுகிறவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், பதற்றத்தில் சொந்தத் தெருவின் பெயரையே மறந்தவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் பாதி வாக்கியத்திலேயே மீதியைப் பிடித்துவிடுவாள். அவர்கள் முடிப்பதற்குள் வண்டி கிளம்பியிருக்கும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் பிழைத்தவர்கள் அந்த வட்டாரத்தில் நிறையப் பேர்.

அவள் கணவன் லீமன் காகித ஆலையில் மின்சாரப் பராமரிப்பு பார்த்தவன். அதிகம் பேசமாட்டான். பேசினால் அதில் ஒரு சொல்கூட வீணாக இருக்காது. இரண்டு பேரும் ஓய்வு பெற்றதும் ஒரு பழைய டிரெய்லர் வீட்டை வாங்கி, பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு, குளிர்காலம் முழுவதையும் அரிசோனாவில், வண்டிவீட்டுக்காரர்கள் வந்து கூடும் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் கழிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வருஷம் லீமனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பலவீனமாகின. அதைவிட மோசம், பேச்சு தாறுமாறாகிவிட்டது. மனசில் இருப்பது ஒன்று, வாயில் வருவது இன்னொன்று. காப்பி வேண்டுமென்றால் "டிராக்டர்" என்பான். சூடு என்று சொல்லப் போனால் குளிர் என்று வரும். மேலே என்பது கீழே ஆகும். கெட்ட வார்த்தைகள் மட்டும் ஒரு பிசகும் இல்லாமல் முத்து முத்தாக வந்து விழுந்தன. டாக்டரிடம் கேட்டதற்கு, அது அப்படித்தான், மூளையில் அவற்றுக்கு வேறு அறை என்றார். "அந்த அறைக்கு மட்டும் பூட்டே இல்ல போலிருக்கு," என்றாள் டோரெத்தா.

அடுத்த குளிர்காலமும் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இந்தத் தடவை ஓட்டியது அவள். டாலஸில் நர்ஸாக இருக்கும் மகள் ரெனிட்டாவுக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

ஜனவரியில் ஒருநாள் காலை டோரெத்தா கண் விழித்தபோது மூக்கு நுனி சில்லிட்டிருந்தது. ஹீட்டர் விசிறியின் சத்தம் இல்லை. விளக்கைப் போட்டாள், பழுத்த மஞ்சளாக ஒருமுறை மினுங்கி அணைந்தது. குழாயைத் திறந்தாள், தண்ணீர் பம்ப் ஒரு முனகு முனகிவிட்டு நின்றது. லீமன் போர்வைக்குள் வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு முழித்தபடி கிடந்தான். குளிர்பட்டால் அந்தக் கை விறைத்துக்கொள்ளும், வலிக்கும்.

"பேட்டரி காலி. இரு, ஜெனரேட்டரைப் போடறேன்," என்று அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

ஜெனரேட்டர் ஓடியது. காப்பி மெஷின் கொதித்தது. ஆனால் வெயில் ஏறிய பிறகும் பேட்டரி முள் அசையவில்லை. லீமன் மெல்ல எழுந்து வந்தான். ஃப்ரிட்ஜுக்குக் கீழே இருந்த சின்ன அலமாரியின் கதவை இடது கை முட்டியால் தட்டினான். குனிந்து காதை வைத்துக் கேட்டான். பிறகு ஆலையில் கற்ற ஒரு முழுக் கெட்ட வார்த்தையைச் சுத்தமாக உச்சரித்தான்.

"கன்வெர்ட்டரா?" என்றாள்.

தலையாட்டினான்.

ஜெனரேட்டரின் மின்சாரம் பிளக்குகளுக்கு நேராகப் போய்விடும். அதைப் பன்னிரண்டு வோல்ட்டாக இறக்கி பேட்டரிக்கு ஊட்டுவதுதான் அந்தக் கன்வெர்ட்டர் பெட்டியின் வேலை. விளக்கு, பம்ப், ஹீட்டர் விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாமே பேட்டரியை நம்பித்தான் ஓடின. கன்வெர்ட்டர் செத்தால் வீடு சக்கரம் வைத்த தகரப்பெட்டிதான்.

அந்த நேரம் பார்த்து ரெனிட்டாவின் போன்.

"அம்மா, எனக்கு லீவு கிடைச்சிடுச்சு. சனிக்கிழமை அங்க வரேன். நேர்ல பாத்துட்டு ஒரு முடிவு எடுப்போம்."

"என்ன முடிவு?"

"உனக்கே தெரியும். பின்னாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு. அப்பாவுக்குக் கட்டில்கூட வாங்கிட்டேன். அங்க பாலைவனத்துல ஏதாவது ஆச்சுன்னா யார் இருக்கா? எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

டோரெத்தா அணைந்து கிடந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். "எல்லாம் பிரமாதமா இருக்கு கண்ணு. வா, உனக்குப் பீன்ஸும் சோள ரொட்டியும் பண்ணி வைக்கிறேன்."

போனை வைத்துவிட்டு லீமனைப் பார்த்தாள். அவன் ஒரு புருவத்தைத் தூக்கினான்.

"என்னை அப்படிப் பாக்காத. சனிக்கிழமைக்குள்ள எல்லாம் பிரமாதமா இருக்கும்," என்றாள்.

வேனில் சுற்றி வந்து வண்டிகளை ரிப்பேர் செய்கிறவனுக்கு அடுத்த வாரம் முடிகிறவரைக்கும் வேலை நிறைந்து கிடந்தது. அதைச் சொன்னவர் பக்கத்து வண்டிக்காரர் ஆரின். மின்னசோட்டாவில் சொந்தமாகக் கார் பட்டறை நடத்தியவர். உதவி என்றால் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நிற்பவர். "ஊருக்குள்ள போட்டிருக்கிற கடைப் பந்தல்ல புது கன்வெர்ட்டர் விக்கிறாங்க. வாங்க, என் வண்டியில போகலாம். வாங்கிட்டு வந்து நானே மாட்டித் தரேன்," என்றார்.

"வண்டி உங்களோடது, கை என்னோடது," என்றாள் டோரெத்தா.

"உங்களுக்கு இதெல்லாம்..."

"திருப்புளி பிடிக்கத் தெரியும். வயர் எண்ணத் தெரியும். தெரியாததுக்கு என் வீட்டுக்காரர் இருக்கார்."

ஆரின் லீமனை ஒரு கணம் பார்த்துவிட்டு நாகரிகமாகத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கடைப் பந்தலில் விற்பனையாளன் மூன்று பெட்டிகளை மேஜைமேல் எடுத்து வைத்தான். லீமன் ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தான், பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தான். வாசிப்பு அவனுக்குப் போகவில்லை, மெதுவாகியிருந்தது, அவ்வளவுதான்.

"சார், உங்க பழைய பெட்டி எத்தனை ஆம்ப்?" என்று விற்பனையாளன் அவனிடம் கேட்டான்.

லீமன் வாயைத் திறந்தான். சொல் வந்துகொண்டிருந்தது, உதடு குவிந்துவிட்டது. அதற்குள் டோரெத்தா, "ஐம்பத்தஞ்சு. அதே அளவு போதும்," என்றாள்.

லீமன் வாயை மூடிக்கொண்டான். கையிலிருந்த பெட்டியை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டுப் பந்தலுக்கு வெளியே போய் நின்றான். பதில் சரிதானே, இவனுக்கு இப்போது என்ன என்று நினைத்தபடி அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை வெயில் நன்றாக விழுந்ததும் வேலையை ஆரம்பித்தாள். ஜெனரேட்டரை நிறுத்தி அதன் கம்பியையும் பிடுங்கிப் போட்டாள். டிரெய்லரின் முன்பக்கம் போய் பேட்டரி சுவிட்சைத் திருகி அணைத்தாள். லீமன் சாப்பாட்டு மேஜை பெஞ்சின் ஓரத்தில், அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஆரின் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, காப்பிக் குவளையோடு அமர்ந்தார்.

"டிக்கெட் வாங்கினீங்களா?" என்றாள் டோரெத்தா.

"முன் வரிசை கிடைச்சுது," என்றார் ஆரின்.

தரையில் மெத்தையைப் போட்டு அதன்மேல் படுத்து, தலையை அலமாரிக்குள் நுழைத்தாள். வேலை சுலபமில்லைதான், ஆனால் அவள் பயந்த அளவுக்கும் இல்லை. மூடியைக் கழற்றினாள். ஜெனரேட்டர் பக்கத்து வயர்கள் மூன்று. எந்த வயர் எந்தத் திருகாணி என்று காகித டேப்பில் எழுதி ஒட்டினாள். ஃப்யூஸ் பலகையில் பன்னிரண்டு வோல்ட் வயர்கள் வரிசையாக நின்றன: விளக்கு, பம்ப், ஹீட்டர், ஃப்ரிட்ஜ். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு டேப். புதுப் பெட்டியோடு புதுப் பலகையும் வந்திருந்ததால் எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்ப மாட்ட வேண்டும்.

அவள் கை தயங்கிய இடத்தில் லீமனின் இடது கை பெஞ்சிலிருந்து இறங்கி வந்து சரியான திருகாணியைக் காட்டியது. இறுக்கம் போதாவிட்டால் வயரைப் பிடித்து ஒரு இழு இழுத்துக் காட்டினான். "ஆமாய்யா, இறுக்கறேன், இறுக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் இன்னும் அரைச் சுற்று திருப்பினாள். எரிந்துபோன பழைய பெட்டி வெளியே வந்தபோது அதன் ஒரு மூலை கருகியிருந்தது. ஆரின் அதை வாங்கி முகர்ந்து பார்த்து, "பாவம், நல்ல சாவு இல்ல," என்றார்.

புதுப் பெட்டி பொருந்தி உட்கார்ந்தது. மத்தியானத்துக்குள் மிஞ்சியது இரண்டே இரண்டு தடித்த வயர்கள். பேட்டரியிலிருந்து வருகிறவை. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. அவற்றுக்கு மட்டும் அவள் டேப் ஒட்டவில்லை. இத்தனை தடிமனான வயரை யாராவது மறப்பார்களா என்று விட்டுவிட்டாள். இப்போது எது பிளஸ், எது மைனஸ் என்று தெரியவில்லை.

"இருங்க, பாத்துட்டு வரேன்," என்று ஆரின் எழுந்துபோய் பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். "பேட்டரியில சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். ரெண்டும் கீழே ஒரு சின்ன டப்பாவுக்குள்ள போகுது. அங்கிருந்து வேற வயரா உள்ள வருது. ஆனா கறுப்பு கறுப்புதான். நான் பார்த்த அத்தனை கார்லயும் கறுப்பு மைனஸ்தான்."

டோரெத்தா அலமாரிக்குள் தலையை வைத்தபடியே, "லீமன், நீ சொல்லு. எது பிளஸ்?" என்று கேட்டாள்.

அவன் முன்னால் சாய, பெஞ்சு கிறீச்சிட்டது. பிறகு, "வெ... வெள்ளை," என்றான் லீமன்.

"பாத்தியா, ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றீங்க. முடிஞ்சுது வேலை."

பெஞ்சின் பலகையில் லீமன் தட்டினான். மறுபடியும் தட்டினான். "வெள்ளை! வெள்ளை!" என்றான்.

"கேட்டுச்சுப்பா, வெள்ளைதான். அவசரப்படுத்தாத, நழுவுது."

வெள்ளையைப் பிளஸில் மாட்டினாள். கறுப்பை மைனஸில் மாட்டினாள். இறுக்கினாள். அவன் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் எழுந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, ஆரினைத் தாண்டி வெளியே போய் பேட்டரி சுவிட்சைத் திருப்பினாள்.

உள்ளே "டப்" என்றது. உடனே இன்னொரு "டப்".

அவள் கை தானாகவே சுவிட்சை அணைத்தது. உள்ளே ஓடினாள். சுட்ட பிளாஸ்டிக் வாடை லேசாக வந்தது. புதுப் பெட்டியின் முகப்பில் இருந்த இரண்டு ஃப்யூஸ்களும் கறுத்துப்போயிருந்தன. வயரைத் தலைகீழாக மாட்டினால் பெட்டியைக் காப்பாற்றத் தாங்கள் முந்திச் சாவதற்கென்றே வைத்திருக்கும் ஃப்யூஸ்கள் அவை.

லீமன் பெஞ்சிலிருந்து பாதி சரிந்து, அலமாரிக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்தான். முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் அவனுடைய சுட்டுவிரல் பிளஸ் திருகாணியையும் கறுப்பு வயரையும்தான் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தது.

டோரெத்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சூட்டைக் குளிர் என்கிறவன், மேலேயைக் கீழே என்கிறவன். கறுப்பு என்று சொல்லப் போனால் வேறு என்ன வரும்? அவன் வாய் வெள்ளை என்றபோது விரல் கறுப்பில் இருந்திருக்கிறது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆரின் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "என் தப்பு. கார் மாதிரிதான் இருக்கும்னு..."

"மாட்டின கை என்னோடது, ஆரின். உங்ககிட்ட இந்த ஃப்யூஸ் இருக்கா?"

"இந்த அளவுல இல்ல. பச்சை பஸ்ல இருக்காங்களே இமோஜீன், அவங்ககிட்ட கேட்டுப் பாக்கறேன். அவங்க எதையும் தூக்கிப் போடாத ஆளு." போகிற சாக்குக் கிடைத்ததில் நிம்மதியாக அவர் கிளம்பினார்.

டோரெத்தா மெத்தையில் உட்கார்ந்தாள். பெஞ்சு உயரமாக இருந்ததால் அவனை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"லீமன். இந்தப் பக்கம் பாரு."

அவன் பார்க்கவில்லை.

"உன் வாய் சொன்னதைக் கேட்டுட்டேன். கை சொன்னதைப் பாக்கல. தட்டித் தட்டிச் சொன்ன, அவசரப்படறேன்னு நினைச்சுட்டேன். நேத்து அந்தப் பந்தல்லயும் அப்படித்தான் பண்ணினேன், இல்லையா? நீ சொல்ல வந்த, நான் முந்திக்கிட்டேன்."

இப்போது திரும்பினான். கண் சிவந்திருந்தது. மிகத் தெளிவாக, நிறுத்தி நிதானமாக, அவளை ஒரு கெட்ட வார்த்தையால் திட்டினான். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அவளைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை.

"இது எனக்கு வேணும்," என்றாள் டோரெத்தா. "இன்னொண்ணு பாக்கி இருந்தா அதையும் சொல்லிடு."

அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பு வரும்போது அப்படித்தான் கோணும். பிறகு, "பைபிள்," என்றான். படுக்கைக்குக் கீழே இருந்த இழுப்பறையைக் காட்டி மறுபடியும், "பைபிள், பைபிள்."

அவள் நாக்கு நுனியில் பத்துப் பெயர்கள் வந்து நின்றன: டார்ச்சா, டேப்பா, சின்னத் திருப்புளியா? பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் போனில் எதிர்முனையில் ஒன்றும் கேட்காமல் வெறும் மூச்சு மட்டும் வரும்போது இருப்பதுபோல் இருந்தது. அந்த வேலையில் அவளுக்கு மிகக் கஷ்டமான நேரம் அதுதான். சும்மா இருந்தாள்.

லீமன் மேஜையைப் பிடித்து எழுந்தான். வலது காலை இழுத்து இழுத்துப் படுக்கைவரைக்கும் போனான். இழுப்பறையைத் திறந்து, போர்வைகளை விலக்கி, தன் பழைய மீட்டரை எடுத்தான். ஆலையில் இடுப்பில் தொங்கிய அதே மீட்டர். திரும்பி வந்து உட்கார்ந்து, கட்டைவிரலால் குமிழைத் திருப்பினான். இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டான். "பீப்" என்றது. தொடர்பு இருந்தால் அது கத்தும், இல்லாவிட்டால் கத்தாது.

புதுப் பலகையிலிருந்து இரண்டு தடித்த வயர்களையும் கழற்றச் சொல்லி விரலால் காட்டினான். கழற்றினாள். ஒன்றோடொன்று படாமல் அகற்றி வைக்கச் சைகை காட்டினான். வைத்தாள். ஒரு ஊசியை அவள் கையில் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்து, ஃப்ரிட்ஜுக்குப் போகும் செப்பு கேஸ் குழாயில் வைத்தான். அந்தக் குழாய் டிரெய்லரின் அடியிலிருக்கும் இரும்புச் சட்டத்தோடு பிணைந்தது. இன்னொரு ஊசியைத் தானே பிடித்துக் கறுப்பு வயரில் வைத்தான்.

சத்தமில்லை.

வெள்ளையில் வைத்தான்.

"பீப்ப்ப்ப்" என்று மீட்டர் அலறியது.

லீமன் அவளையே பார்த்தான். விளங்கிற்றா என்று கேட்கிற பார்வை. ஊசியை எடுத்தான், வைத்தான். எடுத்தான், வைத்தான். பீப், பீப்.

"வெள்ளை சட்டத்தோட சேர்ந்திருக்கு," என்றாள் மெதுவாக. "சட்டத்தோட சேர்ந்தது மைனஸ். அப்போ கறுப்புதான்..." அங்கே நிறுத்திக்கொண்டாள். மீதியை அவன் சொல்லட்டும்.

அவன் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க முயன்றான். "பிளஸ்," என்று வந்தது. சுத்தமாக வந்தது.

"கறுப்புதான் பிளஸ்," என்றாள். "இந்த டிரெய்லர் செஞ்சவனுங்களுக்கு யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தா?"

அதற்கும் லீமனிடம் பொருத்தமான ஒரு கெட்ட வார்த்தை இருந்தது.

ஒரு தடவை ஏமாந்தவள், இரண்டாவது தடவை விரலை மட்டும் நம்பவும் தயாராக இல்லை. லீமனும் அதை விரும்பவில்லை. குமிழை வோல்ட்டுக்குத் திருப்பி, வெளியே போய் பேட்டரி சுவிட்சைப் போடச் சொல்லிக் காட்டினான். தொங்கிக்கொண்டிருந்த வயர் நுனிகளில், சிவப்பு ஊசி கறுப்பிலும் கறுப்பு ஊசி வெள்ளையிலுமாக, அவளையே வைத்துப் பார்க்கச் சொன்னான். பதினொன்று சொச்சம் காட்டியது. எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி இல்லை, அப்படியென்றால் கறுப்பு பிளஸ்தான். ஊசிகளை மாற்றி வைத்துப் பார்த்தாள்; குறி வந்தது. பிறகு மறுபடியும் சரியாக. சந்தேகம் முழுவதும் தீர்ந்த பிறகே சுவிட்சை அணைத்து வயர்களை மாட்டினாள். இந்தத் தடவை இரண்டு வயருக்கும் டேப் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதினாள். லீமன் இழுத்துப் பார்த்தான். அவள் அரைச் சுற்று இறுக்கினாள். மறுபடி இழுத்தான். தலையாட்டினான்.

ஆரின் திரும்பி வந்தபோது கூடவே இமோஜீனும் வந்தாள். எழுபதைத் தாண்டிய ஒல்லி மனுஷி, காதில் பெரிய வளையங்கள், கையில் ஒரு புகையிலை டப்பா. அதற்குள் எல்லா அளவிலும் ஃப்யூஸ்கள் கிடந்தன.

"எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க. வேடிக்கை பாக்கறதுக்கு நான் இங்கயே நிக்கலாமா?"

"நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. ஆரின்கிட்ட சண்டை போட்டு வாங்கிக்கங்க," என்றாள் டோரெத்தா.

ஃப்யூஸ்களை அழுத்திப் பொருத்தினாள். வெளியே போய் சுவிட்சில் கையை வைத்தாள். உள்ளே ஜன்னல் வழியாக லீமனின் முகம் தெரிந்தது. இந்தத் தடவை அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் இடது கட்டைவிரலை உயர்த்தியதும் திருப்பினாள்.

ஒன்றும் வெடிக்கவில்லை.

ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தாள். அது இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. கம்பியைச் சொருகினாள். அலமாரிக்குள் புதுப் பெட்டியின் சின்ன விசிறி ரீங்காரமிட்டது. மீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்த லீமன் எண்ணைப் படித்துச் சொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினான். பன்னிரண்டைத் தாண்டி, பதின்மூன்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜில் பச்சைப் புள்ளி எரிந்தது. பம்ப் உற்சாகமாகக் கடகடத்து, திறந்து மறந்துபோயிருந்த குழாயிலிருந்து தண்ணீர் தெறித்தது.

"குழாய்! குழாயை மூடு!" என்று டோரெத்தா கத்த, ஆரின் உள்ளே பாய்ந்து மூடினார். காலையிலிருந்து அவர் செய்த உருப்படியான முதல் காரியம் அது என்று இமோஜீன் சொன்னாள். அவரும் மறுக்கவில்லை.

லீமன் ஹீட்டரைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் தரையோரத்துத் துவாரத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. வெளியே வெயில் இருந்ததால் அப்போது அதற்கு அவசியமில்லை. இருந்தாலும் யாரும் நிறுத்தவில்லை. அவன் குனிந்து, வலது கையை இடது கையால் எடுத்து, அந்தத் துவாரத்தின் முன்னால் வைத்துக்கொண்டான். விரல்கள் ஒவ்வொன்றாக இளகுவதை டோரெத்தா வாசலில் நின்று பார்த்தாள். உதவிக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இமோஜீன் மறுபடியும் வந்தாள். அவள் பஸ்ஸில் விளக்குகள் சில நாளாக மின்னி மின்னி எரிகின்றனவாம். "லீமன் வந்து பாப்பாரா?" என்று டோரெத்தாவிடம் கேட்டாள்.

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? அவர் அங்கதான் உக்காந்திருக்கார்," என்றாள் டோரெத்தா.

இமோஜீன் திரும்பி அவனிடமே கேட்டாள். அவன் யோசித்தான். நேரம் எடுத்துக்கொண்டான். டோரெத்தா அடுப்பில் வைத்திருந்த பீன்ஸைக் கிளறினாள். வாணலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவன், "நாளைக்கு," என்றான். நேற்று என்று வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் நாளைக்கு என்றே வந்தது.

அதனால் சனிக்கிழமை மத்தியானம் ரெனிட்டா வாடகைக் காரில் வந்து இறங்கியபோது டிரெய்லரில் யாரும் இல்லை. ஹீட்டர் இதமாக ஓடிக்கொண்டிருந்தது, அடுப்பில் பாத்திரம் மூடி வைத்திருந்தது. ஆரின்தான் வழி காட்டி அனுப்பினார்.

பச்சை பஸ்ஸின் உள்ளே அவள் அம்மா தரையில் படுத்து ஒரு அலமாரிக்குள் பாதி மறைந்து கிடந்தாள். அப்பா பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, நீட்டிய விரலோடு அலமாரிக்குள் குனிந்திருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் காட்டினார், அவள் திருகினாள். அவர் வயரை இழுத்தார், அவள் இறுக்கினாள். ரெனிட்டா படியில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள் பிறகு.

"வந்துட்டியா! கண்ணு, அந்த டார்ச்சை எடு. இமோஜீனுக்குக் கை நடுங்குது, வெளிச்சம் இங்க விழல."

ரெனிட்டா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை வாங்கிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். "அப்பா, எப்படி இருக்கீங்க?" என்றாள். வழக்கம்போல அம்மா பதில் சொல்லுவாள் என்று அவள் கண் அலமாரிப் பக்கம் போனது. அலமாரிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. திருப்புளி மட்டும் சுற்றியது.

லீமன் வாயைத் திறந்து மூடினான். மறுபடி திறந்தான். ரெனிட்டா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு காத்திருந்தாள்.

"வே... வேலை," என்றான் லீமன். "வேலை இருக்கு."

சாயங்காலம் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டபடி ரெனிட்டா தான் வந்த விஷயத்தை எடுத்தாள். பெயிண்ட் அடித்த அறையைச் சொன்னாள், கட்டிலைச் சொன்னாள், டாலஸில் இருக்கும் பேச்சுப் பயிற்சி மருத்துவமனையைச் சொன்னாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டோரெத்தா முழுவதையும் கேட்டுவிட்டு லீமனைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. நான் வாயைத் திறக்கல."

லீமன் கையைத் துடைத்துக்கொண்டான். சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் தாள்களை இடது கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி, ஏப்ரல் மாதத்தில் விரலை வைத்தான். பாலைவனம் சூடேறி எல்லாரும் கிளம்புகிற மாதம். பிறகு ரெனிட்டாவின் பக்கம் அந்த விரலைத் திருப்பினான்.

"ஏப்ரல்ல எங்க வீட்டுக்கா? நிஜமாவா? அதுவரைக்கும் இங்கேயா?"

தலையாட்டினான்.

"அதுக்குள்ள மறுபடி ஏதாவது கெட்டுப்போனா?"

லீமன் வாயைத் திறக்குமுன்பே அவன் முகத்தைப் பார்த்து, வரப்போவது டாக்டர் சொன்ன அந்தப் பூட்டில்லாத அறையிலிருந்துதான் என்று டோரெத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் முந்திக்கொள்ளவில்லை. அவன் தெளிவாக, திருத்தமாக, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னான். ரெனிட்டா குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏற, இருமிக்கொண்டே சிரித்தாள்.